திருப்பலியில் நிற்பது, அமர்வது, பணிவது: பொதுநிலையினருக்கான முழு வழிகாட்டி

திருப்பலியில் மக்களுக்கென்று தனியான பங்கு உண்டு. அருள்பணியாளர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதோடு அது முடிவதில்லை. வாசகம் வாசிப்பவர், பாடகர், பீடச் சிறுவர் எனச் சிலர் மட்டும் செய்துமுடிக்கும் வேலையும் அன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, முழுமையான, விழிப்புணர்வுள்ள, செயல்முறைப் பங்கேற்பு திருமுழுக்கு பெற்ற எல்லாருக்கும் உரிமையும் கடமையும் என்று 14ஆம் பத்தியில் சொல்கிறது. அந்தப் பங்கேற்பு எவற்றில் அடங்கும் என்பதை 30ஆம் பத்தி வரிசைப்படுத்துகிறது: ஆர்ப்பரிப்புகள், பதிலுரைகள், திருப்பாடல்கள், பாடல்கள், செயல்கள், சைகைகள், உடலின் நிலைகள், உரிய நேரத்தில் காக்கும் மௌனம். கடைசி மூன்றையும் யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து நிற்கிறோம், பார்த்து உட்காருகிறோம். இந்த வழிகாட்டி அந்த மூன்றையும் பற்றியது. உரோமை வழிபாட்டு முறைத் திருப்பலி நூலின் பொது விதிமுறையே இதற்கு அடிப்படை. உங்கள் நாட்டு ஆயர் பேரவை ஏதேனும் ஒரு நிலையை வேறுவிதமாக முடிவு செய்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

முதலில் மூன்று பணிவுகள்

இவற்றைப் பிரித்தறிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலாவது, முழந்தாள் மடக்குதல். உடலை நேராக வைத்து, வலது முழங்கால் தரையைத் தொடும்வரை இறங்கி, ஒரு கணம் நின்று எழ வேண்டும். இது ஆராதனையின் அடையாளம். ஆகவே கிறிஸ்துவின் உடலான நற்கருணைக்கு மட்டுமே உரியது. புனித வெள்ளி ஆராதனையிலிருந்து பாஸ்கா திருவிழிப்பு தொடங்கும்வரை திருச்சிலுவைக்கும் உரியது. நற்கருணை பேழைக்குள் இருந்தாலும், கதிர்ப்பாத்திரத்தில் வெளிப்படையாக வைக்கப்பட்டிருந்தாலும் ஒரு முழங்காலை மடக்கினால் போதும் என்று 1973இல் வந்த, திருப்பலிக்கு வெளியே நற்கருணை வணக்கம் பற்றிய சடங்கு நூல் கூறுகிறது.

இரண்டாவது, ஆழ்ந்த வணக்கம். இடுப்பிலிருந்து உடலை வளைத்துப் பணிவது. இது பீடத்துக்கு உரியது. நம்பிக்கை அறிக்கையில் ஓரிடத்திலும் வரும்.

மூன்றாவது, தலை வணக்கம். மூவொரு கடவுளின் மூன்று பெயர்களையும் சேர்த்துச் சொல்லும்போதும், இயேசு, மரியா என்ற பெயர்கள் வரும்போதும், அன்றைய திருப்பலி எந்தப் புனிதரின் நினைவாக நடக்கிறதோ அவர் பெயர் வரும்போதும் தலையைச் சற்றுத் தாழ்த்துவது.

அடிக்கடி நடக்கும் பிழை, முழங்கால் தரையைத் தொடாமல் அவசரமாகக் குனிந்து எழுவது. இருக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நெற்றியிலும் மார்பிலும் கை வைத்துவிட்டு நகர்வது இன்னொன்று. இரண்டு செயல்களை ஒரே நேரத்தில் செய்யப்போய் இரண்டுமே சிதைந்துவிடுகின்றன. முழந்தாள் மடக்கும்போது சிலுவை அடையாளம் போட வேண்டும் என்று விதி இல்லை. போட விரும்பினால் எழுந்து நின்றபின் போடலாம். முழங்கால் வலி உள்ளவர்களும் முதியவர்களும் ஆழ்ந்து வணங்கினால் போதும். அதில் குறை எதுவும் இல்லை.

கோவிலுக்குள் நுழையும்போது

நற்கருணை வாங்க இருப்பவர், உட்கொள்வதற்கு முந்தைய ஒரு மணி நேரம் உணவும் பானமும் தவிர்க்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் 919. தண்ணீருக்கும் மருந்துக்கும் தடை இல்லை. முதியவர்களையும் நோயாளிகளையும் அவர்களைப் பராமரிப்பவர்களையும் இது கட்டுப்படுத்தாது. இந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பலி தொடங்கும் நேரத்திலிருந்து கணக்கிடக் கூடாது. நற்கருணை உட்கொள்ளும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

வாசலில் தீர்த்தத் தொட்டியில் வலது கை விரல்களை நனைத்துச் சிலுவை அடையாளம் போடுங்கள். நெற்றி, மார்பு, இடத் தோள், வலத் தோள் என்பது இலத்தீன் முறையின் வரிசை. பல கிழக்கத்திய வழிபாட்டு முறைகளில் வலத் தோளைத்தான் முதலில் தொடுவார்கள். அதைத் தவறு என்று எண்ண வேண்டாம். திருமுழுக்கின் நினைவாகச் செய்வது என்பதால் நின்று நிதானமாகப் போடுங்கள். நடந்துகொண்டே கையை வீசினால் அது சிலுவையாகவே இருக்காது.

இருக்கைக்குள் போகுமுன், நற்கருணைப் பேழை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதன் அருகே எரியும் விளக்கு காட்டிக்கொடுக்கும். பேழை முன்புறம் இருந்தால் அதை நோக்கி முழந்தாள் மடக்குங்கள். தனிச் சிற்றாலயத்தில் இருந்தால் பீடத்தை நோக்கி ஆழ்ந்து வணங்குங்கள். திருப்பலி முடிந்து இருக்கையை விட்டு வெளியே வரும்போதும் இதையே செய்ய வேண்டும்.

தொடக்கச் சடங்குகள்

வருகைப் பாடல் தொடங்கும்போது எழுந்தால், தொடக்கச் சடங்குகளை முடிக்கும் திருக்குழும மன்றாட்டுக்கு 'ஆமென்' சொல்லும்வரை நிற்க வேண்டும். நிற்பது உயிர்ப்பின் நிலை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாஸ்கா காலத்திலும் நின்றே மன்றாட வேண்டும் என்று நிசேயா பொதுச்சங்கம் 325இலேயே தன் 20ஆம் விதியில் எழுதியது. ஆகவே சுவரிலோ தூணிலோ சாய்ந்து நிற்பதைத் தவிருங்கள்.

பாவ அறிக்கையில் 'என் பாவமே' என்று சொல்லும்போது வலது கையால் மார்பில் தட்டிக்கொள்ள வேண்டும். எத்தனை முறை என்று திருப்பலி நூல் குறிப்பிடவில்லை. சொற்கள் மூன்று முறை வருவதால் மூன்று முறை தட்டுவது வழக்கம். அதன்பின் அருள்பணியாளர் சொல்லும் மன்னிப்பு மன்றாட்டுக்குப் பலர் சிலுவை அடையாளம் போடுகிறார்கள். அங்கே அது வேண்டியதில்லை. அந்த மன்றாட்டு ஒப்புரவு அருளடையாளத்தின் பாவமன்னிப்புக்கு ஈடாகாது என்று விதிமுறையின் 51ஆம் எண் தெளிவாகச் சொல்கிறது.

'மன்றாடுவோமாக' என்று அழைத்ததும் சிறிது நேரம் மௌனம் வரும். அருள்பணியாளர் பக்கத்தைத் தேடுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொருவரும் தம் வேண்டுதலை மனத்துக்குள் எடுத்து வைக்கவே அந்த இடைவெளி. எல்லாருடைய வேண்டுதல்களையும் திரட்டி அருள்பணியாளர் ஒரே மன்றாட்டாகச் சொல்கிறார். மக்களின் 'ஆமென்' அதைத் தமதாக்குகிறது. தாழ்ந்த முணுமுணுப்பில் முடிந்துவிடும் 'ஆமென்'தான் பல கோவில்களில் பங்கேற்பு இழக்கும் முதல் இடம்.

இறைவாக்கைக் கேட்கும்போது

முதல் வாசகம், பதிலுரைப் பாடல், இரண்டாம் வாசகம் மூன்றுக்கும் அமர்ந்திருக்க வேண்டும். அமர்வது கேட்பவரின் நிலை. கையில் வாசகத்தாள் இருந்தாலும் வாசிப்பவர் பக்கம் முகம் திருப்பிக் கேட்பதே முறை. காது கேளாதவர்களுக்கும் மொழி புரியாதவர்களுக்கும் தாள் உதவும். மற்றவர்களுக்கு அது பெரும்பாலும் கவனத்தைப் பிரிக்கிறது. 'இறைவா, உமக்கு நன்றி' என்று சொன்னபின் சற்று மௌனமாக இருக்க வேண்டும்.

'அல்லேலூயா' தொடங்கும்போதே எழுங்கள். பாடி முடியும்வரை காத்திருக்க வேண்டாம். நற்செய்தியின் தலைப்பு அறிவிக்கப்பட்டதும் வலது கைப் பெருவிரலால் நெற்றியிலும் உதட்டிலும் மார்பிலும் மூன்று சிறு சிலுவைகள் வரைய வேண்டும். அதை முடித்துவிட்டு மறுபடியும் பெரிய சிலுவை அடையாளம் போட்டு விரலை முத்தமிடுவது பலரிடம் இருக்கும் பழக்கம். விதிமுறையில் அது இல்லை. 'ஆண்டவரே, உமக்கு மகிமை' என்ற பதிலுரையும் இந்த நேரத்தில் வருவதால் அவசரப்படத் தோன்றும். பதிலைத் தெளிவாகச் சொல்லிக்கொண்டே மூன்று சிலுவைகளையும் நிதானமாக வரைய நேரம் போதும்.

மறையுரைக்கு அமர்ந்து, நம்பிக்கை அறிக்கைக்கு எழ வேண்டும். தூய ஆவியாரால் கன்னி மரியாவிடம் உடல் எடுத்து மனிதர் ஆனார் என்ற பகுதி வரும்போது எல்லாரும் ஆழ்ந்து வணங்க வேண்டும். திருத்தூதர் நம்பிக்கை அறிக்கை சொல்லும் நாளில் கருவுற்றதையும் கன்னி மரியாவிடம் பிறந்ததையும் அறிக்கையிடும் வரிகளில் வணங்க வேண்டும். ஆண்டில் இரண்டு பெருவிழாக்களில், அதாவது மார்ச் 25 மங்கள வார்த்தைப் பெருவிழாவிலும் டிசம்பர் 25 கிறிஸ்து பிறப்பிலும், வணக்கத்துக்குப் பதிலாக முழந்தாள் மடக்க வேண்டும். மக்கள் மிக எளிதில் தவறவிடும் சைகை இதுதான். மனுவுருவாதலை உடலாலேயே அறிக்கையிடும் இடம் இது என்பதால் அதைக் கைவிடுவது உண்மையிலேயே இழப்பு. அருள்பணியாளரோ பாடகர் குழுவோ ஒரு கணம் வேகம் குறைத்தால் மக்கள் தாமாகவே பணியக் கற்றுக்கொள்வார்கள்.

காணிக்கையிலிருந்து தொடக்கவுரை வரை

காணிக்கைகளைத் தயாரிக்கும்போது அமர்ந்திருக்கலாம். தூபம் காட்டுபவர் மக்களை நோக்கித் திரும்பியதும் எழுந்து நின்று, அவர் வணங்கும்போது பதிலுக்கு வணங்குங்கள்.

அடுத்து வரும் எழும் நேரத்தில்தான் பெரும்பாலான குழப்பம். நம் பலி ஏற்றுக்கொள்ளப்பட மன்றாடுங்கள் என்று அருள்பணியாளர் அழைத்ததும், பதில் சொல்வதற்கு முன்பே எழ வேண்டும். உட்கார்ந்தபடி பதிலைச் சொல்லிவிட்டு, காணிக்கை மன்றாட்டுக்கோ, நற்கருணை மன்றாட்டைத் தொடங்கும் தொடக்கவுரைக்கோ எழுவது பழக்கத்தால் வந்த தாமதம்.

நற்கருணை மன்றாட்டின்போது

'தூயவர்' பாடி முடிந்ததும் பல நாடுகளில் மக்கள் முழந்தாளிட்டு, மன்றாட்டின் இறுதி 'ஆமென்' வரை அப்படியே இருப்பார்கள். அந்த வழக்கம் உள்ள இடத்தில் அதைக் காப்பது போற்றத்தக்கது என்று விதிமுறையின் 43ஆம் எண் சொல்கிறது. பொது விதி இன்னும் குறுகியது: அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறும் அர்ச்சிப்பின்போது முழந்தாளிட வேண்டும். உடல்நலக் குறைவு, இட நெருக்கடி, பெருங்கூட்டம் போன்ற நியாயமான காரணத்தால் முடியாதவர்கள், அர்ச்சிப்புக்குப்பின் அருள்பணியாளர் முழந்தாள் மடக்கும் ஒவ்வொரு முறையும் ஆழ்ந்து வணங்க வேண்டும். இந்த இரண்டாம் பாதியைப் பலர் அறிவதில்லை. அதனால்தான் கோவிலுக்கு வெளியே நிற்பவர்கள் எதுவும் செய்யாமலே நிற்கிறார்கள்.

திருவுடலும் திருக்கிண்ணமும் உயர்த்தப்படும்போது தலை குனிய வேண்டாம், நிமிர்ந்து பாருங்கள். மக்கள் பார்க்கவே அவை உயர்த்தப்படுகின்றன. அருள்பணியாளர் முழந்தாள் மடக்கும்போது தலை வணங்கலாம்.

'கிறிஸ்து வழியாக, கிறிஸ்துவோடு, கிறிஸ்துவில்' என்ற பொருளில் வரும் நிறைவுப் புகழுரையை அருள்பணியாளர் மட்டுமே சொல்ல வேண்டும். மக்களும் சேர்ந்து சொல்வது பக்தியால்தான் நடக்கிறது. ஆனால் அப்போது அந்த மன்றாட்டு முழுவதற்கும் முத்திரையாக வரவேண்டிய மக்களின் 'ஆமென்' வலுவிழந்துவிடுகிறது. 155ஆம் ஆண்டையொட்டி எழுதிய புனித ஜஸ்டின், தலைவர் நன்றி மன்றாட்டை முடித்ததும் கூடியிருக்கும் மக்கள் எல்லாரும் 'ஆமென்' என ஒப்புதல் அளிப்பதைத் தனியாகக் குறிப்பிடுகிறார். பாட முடிந்தால் அந்த 'ஆமெனை'ப் பாடுங்கள்.

இயேசு கற்பித்த மன்றாட்டும் சமாதானமும்

இயேசு கற்பித்த மன்றாட்டை எழுந்து நின்று எல்லாரும் சேர்ந்து சொல்ல வேண்டும். கைகளை எப்படி வைப்பது என்று மக்களுக்கு விதி எதுவும் இல்லை. கூப்பி வைப்பது எங்கும் பொருந்தும். ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொள்வதைத் திருப்பலி நூல் கேட்கவில்லை; பக்கத்திலிருப்பவரை அதற்கு வற்புறுத்துவதும் சரியன்று. இதற்குப்பின் வரும் சமாதான மன்றாட்டு அருள்பணியாளருடையது. மக்கள் 'ஆமென்' மட்டும் சொல்ல வேண்டும்.

சமாதானத்தை அருகில் இருப்பவர்களோடு மட்டும், அடக்கமாகப் பகிருங்கள். 2014 ஜூன் மாதம் வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயம் ஒரு சுற்றறிக்கையில் நான்கு பழக்கங்களைக் கைவிடச் சொன்னது. சமாதானப் பாடல் ஒன்றைத் தனியாகச் சேர்ப்பது, மக்கள் இடம் விட்டு இடம் நகர்வது, அருள்பணியாளர் பீடத்தை விட்டு இறங்கிச் செல்வது, திருமணம், விழா, இறப்பு போன்ற நேரங்களில் அதை வாழ்த்தாகவோ அனுதாபமாகவோ மாற்றுவது ஆகியவையே அவை. 'இறைவனின் செம்மறி' தொடங்கிவிட்டால் கைகுலுக்கலை நிறுத்திவிட வேண்டும். அப்பம் பிடப்படுவது அப்போதுதான். அதைப் பார்க்காமல் போவது வருத்தத்துக்குரியது.

நற்கருணை வாங்குவது

வரிசையில் நிற்கும்போது, உங்களுக்கு முன்னால் இருப்பவர் வாங்கும் நேரத்தில் தலை வணங்கிவிடுங்கள். உங்கள் முறை வந்தபின் குனிந்தால் பணியாளர் நீட்டிய கை காத்திருக்க நேரும். பின்னால் வருபவர் மோதவும் நேரும். முழந்தாளிட்டு வாங்குபவருக்குத் தனியாக வணக்கம் தேவையில்லை.

நாவில் வாங்குபவர்: 'கிறிஸ்துவின் திருவுடல்' என்றதும் 'ஆமென்' சொல்லுங்கள். பிறகு தலையைச் சற்று நிமிர்த்தி, வாயை நன்றாகத் திறந்து, நாவைக் கீழ் உதட்டுக்கு மேல் வரும்படி நீட்டி, அசையாமல் இருங்கள். பாதி திறந்த வாயும் பணியாளரின் கையை நோக்கி முகத்தை நகர்த்துவதும்தான் திருஅப்பம் விழக் காரணமாகின்றன.

கையில் வாங்குபவர், ஆயர் பேரவை அனுமதித்த இடங்களில்: ஒரு கையை மற்றொன்றின்மேல் விரித்து, மார்பளவு உயர்த்திப் பிடியுங்கள். நான்காம் நூற்றாண்டில் எருசலேம் ஆயர் சிரில் தம் மறைக்கல்வியில், அரசரை ஏற்கும் வலது கைக்கு இடது கையை அரியணையாக வைக்கச் சொன்னார். இந்த முறையில் மேலிருக்கும் வலது உள்ளங்கையில் பெற்று, இடது கை விரல்களால் எடுத்து உட்கொள்ள வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ளவர் கைகளை மாற்றி வைத்து, இடது உள்ளங்கையில் பெற்று வலது கையால் எடுத்தாலும் சரியே. விரல்களால் பணியாளரிடமிருந்து பிடுங்கி எடுக்கக் கூடாது. மக்கள் தாமாக எடுத்துக்கொள்வதையும் ஒருவர் மற்றவருக்குக் கொடுப்பதையும் விதிமுறையின் 160ஆம் எண் தடுக்கிறது. வாங்கியதும் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து, பீடத்தை நோக்கி நின்றபடியே உட்கொள்ளுங்கள். கையில் வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது. பிறகு உள்ளங்கையைப் பாருங்கள். துகள் ஏதும் இருந்தால் அதையும் உட்கொள்ளுங்கள். குழந்தையைத் தூக்கியிருப்பவர், கைத்தடி பிடித்திருப்பவர், கையில் கட்டுப் போட்டிருப்பவர் நாவில் வாங்குவதே பாதுகாப்பானது.

திருவுடலைத் திரு இரத்தத்தில் தோய்த்து வழங்கினால் நாவில் மட்டுமே வாங்க வேண்டும். நீங்களாகவே கிண்ணத்தில் தோய்க்க அனுமதி இல்லை. கோதுமைப் பசையம் ஒவ்வாதவர்கள் திருப்பலிக்கு முன்பே அருள்பணியாளரிடம் சொல்லிவிட்டால், பசையம் குறைந்த திருஅப்பத்தையோ கிண்ணத்திலிருந்து மட்டும் வாங்குவதையோ ஏற்பாடு செய்ய முடியும். பசையம் அறவே இல்லாத அப்பம் அருளடையாளத்துக்குச் செல்லாது.

திருஅப்பம் கீழே விழுந்தால் பதற வேண்டாம். மிதிக்காமல் அப்படியே நில்லுங்கள். பணியாளர் எடுத்துக்கொள்வார்.

நற்கருணை வாங்கும் நேரத்தில் 'ஆமென்' தவிர 'நன்றி' என்றோ வேறு எதுவுமோ சொல்ல வேண்டாம். புனித அகுஸ்தீன் தம் 272ஆம் மறையுரையில், நீங்கள் எதுவாக இருக்கிறீர்களோ அதற்கே 'ஆமென்' சொல்கிறீர்கள் என்று விளக்குகிறார். கிறிஸ்துவின் உடலைப் பெறுபவர் கிறிஸ்துவின் உடலின் உறுப்பு. அதனால்தான் அந்த ஒரு சொல்லை வாய்க்குள் விழுங்கக் கூடாது.

இருக்கைக்குத் திரும்பியபின் முழந்தாளிடலாம், அமரலாம். வாங்காமல் இருப்பவர்களும் இந்த மௌனத்தில் ஆன்மிக முறையில் ஆண்டவரோடு ஒன்றிக்க மன்றாடலாம். இறுதி ஆசியின்போது சிலுவை அடையாளம் போடுங்கள். சிறப்பு ஆசி என்றால் தலை வணங்கி நின்று ஒவ்வொரு பகுதிக்கும் 'ஆமென்' சொல்லுங்கள். நற்கருணை வாங்கிய கையோடு வாசலை நோக்கிப் போவது, விருந்தில் உண்டதும் சொல்லாமல் எழுந்துவிடுவதற்குச் சமம்.

பணி ஏற்பவர்கள் கவனிக்க வேண்டியவை

வாசகர் பீட முற்றத்துக்குள் ஏறும்போது பீடத்தை நோக்கி ஆழ்ந்து வணங்க வேண்டும். அருள்பணியாளருக்கு அடுத்த நிலையில் திருநிலைப்படுத்தப்பட்ட திருத்தொண்டர் இல்லாவிட்டால், வருகைப் பவனியில் நற்செய்தி நூலைச் சற்று உயர்த்திப் பிடித்துக் கொண்டுவரலாம். வாசக நூலைப் பவனியில் கொண்டுவருவதில்லை. சிவப்பு எழுத்தில் இருக்கும் 'முதல் வாசகம்' என்ற தலைப்பையும், அதன்கீழ் உள்ள சுருக்க வரியையும் படிக்க வேண்டாம். கடைசி வரிக்கும் 'ஆண்டவரின் அருள்வாக்கு' என்பதற்கும் இடையே ஒரு மூச்சு இடைவெளி விடுங்கள். ஒரே வாசகத்தை இருவர் பங்கிட்டு வாசிக்கக் கூடாது. இயேசு துன்புற்று இறந்ததைக் கூறும் திருப்பாடுகளின் வரலாறு மட்டும் இதற்கு விலக்கு. வாசகர், பீடத்துணைவர் பணிகளில் பெண்களும் நிலையாக ஏற்படுத்தப்படலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2021 ஜனவரியில் சட்டத்தை மாற்றினார்.

பொது மன்றாட்டு எழுதுபவர் திருச்சபை, ஆட்சியாளர்களும் உலக மீட்பும், துன்புறுவோர், உள்ளூர்ச் சமூகம் என்ற வரிசையைப் பின்பற்றுங்கள். ஒவ்வொன்றும் ஓரிரு வரிகளில் முடிய வேண்டும். மறையுரையின் தொடர்ச்சியாக நீளும் மன்றாட்டில் மக்கள் எங்கே பதில் சொல்வது என்றே தெரியாமல் போகும்.

நற்கருணை வழங்கும் சிறப்புப் பணியாளர்கள், அருள்பணியாளர் தாம் உட்கொண்டபின்பே பீடத்தருகே வர வேண்டும். பாத்திரத்தைப் பீடத்திலிருந்து தாமாக எடுக்காமல் அவர் கையிலிருந்து பெற வேண்டும். பாத்திரங்களைத் தூய்மைப்படுத்துவது அருள்பணியாளர், திருத்தொண்டர், நிலையாக ஏற்படுத்தப்பட்ட பீடத்துணைவர் ஆகியோரின் பணி.

புனித வாரத்தில் மாறுபவை

திருப்பாடுகளின் வரலாறு வாசிக்கப்படும்போது வாழ்த்தும் இல்லை, நூல்மீது சிலுவை வரைவதும் இல்லை; ஆகவே மக்களும் மூன்று சிறு சிலுவைகள் வரைவதில்லை. ஆண்டவர் உயிர்விட்ட வரி வந்ததும் எல்லாரும் முழந்தாளிட்டுச் சற்று மௌனம் காக்க வேண்டும். வாசகர் அங்கே நிறுத்தத் தவறினால் பாதிப்பேர் முழந்தாளிட்டும் பாதிப்பேர் நின்றும் இருப்பார்கள்; அந்த இடத்தை முன்பே குறித்து வைப்பது நல்லது.

புனித வெள்ளியன்று அருள்பணியாளர் தரையில் விழுந்து பணியும்போது மக்கள் முழந்தாளிட வேண்டும். சிலுவை ஆராதனைக்கு ஒவ்வொருவராக வந்து, முழந்தாள் மடக்கியோ முத்தமிட்டோ வணங்கலாம். ஒரே சிலுவைதான் வைக்கப்பட வேண்டும். கூட்டம் மிகுந்து தனித்தனியாக வர முடியாவிட்டால், அருள்பணியாளர் சிலுவையைப் பீடத்தின் முன் உயர்த்திப் பிடிக்க, எல்லாரும் இருந்த இடத்திலிருந்தே மௌனமாக ஆராதிக்கலாம். அந்த வழிபாடு முடிந்தபின் சிலுவையைக் கடந்து செல்லும் எவரும் அதற்கு முழந்தாள் மடக்க வேண்டும். சனிக்கிழமை இரவு திருவிழிப்பு தொடங்கியதும் இந்த விதி முடிந்து, முழந்தாள் மடக்குவது மீண்டும் நற்கருணைக்கு மட்டுமே உரியதாகிவிடும்.